யானைகள் சுமந்த ஏடுகள்

1868-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 20, 21 தேதிகளில் எதியோப்பியாவின் மலைநாட்டில், டெலாண்டா என்னும் சமவெளியிலே, விநோதமான ஏலம் ஒன்று நடைபெற்றது. பொற்கிரீடங்கள், வெள்ளிச் சிலுவைகள், பூஜைப் பாத்திரங்கள், பட்டு அங்கிகள், கம்பளங்கள் ஆகியவை புல்தரையில் குவிந்து கிடந்தன. அவற்றினிடையே, மரப்பலகைகளுக்கு நடுவில் கட்டப்பட்ட தடித்த தோல் புஸ்தகங்களும் நூற்றுக்கணக்கில் கிடந்தன. விற்றவர்களும் பிரிட்டிஷ் படையினர், வாங்கியவர்களும் அவர்களே. வந்த சுமார் 5,000 பவுனைச் சிப்பாய்களுக்குப் பங்கிட்டார்கள். மக்தலாக் கோட்டையிலிருந்து அந்தச் சமவெளிக்கு இவ்வளவு பொருள்களையும் கொண்டுவர 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

எதியோப்பியாவில் யாரும் யானையைப் பழக்கிச் சுமை ஏற்றுவதில்லை. அந்த யானைகள் பம்பாயிலிருந்து கப்பலேறிச் சென்றவை. தெவோத்ரோஸ் சக்ரவர்த்தி தாம் எழுதிய கடிதத்துக்கு விக்டோரியா ராணி பதில் அனுப்பவில்லை என்ற கோபத்தில் பிரிட்டிஷ் கான்ஸலையும் வேறு சில ஐரோப்பியரையும் சிறைவைத்தார். அவர்களை மீட்பதற்கு ஸர் ராபர்ட் நேப்பியர் தலைமையில் சுமார் 13,000 பேர் கொண்ட படை இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்டது. படையில் பெரும்பாலோர் இந்தியர். பாதை வெட்டுவதற்கும் பாலம் அமைப்பதற்கும் சென்னை ஸாப்பர் பிரிவுகள் சென்றன. அவர்களுடைய வழக்கமான சம்பளத்தை இந்திய வருமானத்திலிருந்தே கொடுத்தார்கள். யாருடைய சண்டைக்கு யாருடைய வரிப்பணம் என்ற கேள்வியை இங்கே விரித்துரைக்கப் புகுந்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். ஏப்ரல் 13-ஆம் தேதி கோட்டை வீழ்ந்தது. பிடிபட மனமில்லாத தெவோத்ரோஸ் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார்.

கைதிகள் அதற்கு முன்பே விடுதலையாகிவிட்டார்கள் என்பதையும், புஸ்தகங்களுக்கும் கைதிகளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதையும் நேயர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். அந்த ஏடுகளில் அப்படி என்ன இருந்தது? யானை சுமக்கும் அளவுக்கு அவை எங்கிருந்து வந்தன?

ஆப்பிரிக்காவைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் கரும்பலகையில் நாலைந்து எதியோப்பிய எழுத்துக்களை எழுதிக் காட்டுவது வழக்கம். பிள்ளைகள் வியப்போடு பார்ப்பார்கள். அந்தக் கண்டத்தில் காடும் பாலைவனமும் விலங்குகளும்தான் உண்டு என்று நம் பாடப் புஸ்தகங்கள் அவர்களுக்கு அவ்வளவு நன்றாகக் கற்பித்துவிட்டன. உண்மையில், ஆக்ஸூம் நகரைத் தலைநகராகக் கொண்ட எதியோப்பிய அரசர்கள் கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார்கள். அவர்களுடைய கீஸ் மொழியில் பைபிள் அடுத்து வந்த நூற்றாண்டுகளில் மொழிபெயர்க்கப்பட்டது. அதன் எழுத்துமுறை நமக்கு எளிதில் விளங்கக் கூடியது. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும், அதனோடு சேரும் உயிரைப் பொறுத்து, ஏழு வடிவங்கள். 26 மெய்களுக்கு 182 வடிவங்கள். நம் உயிர்மெய் வரிசையைப் போலவே அந்த நாட்டுப் பிள்ளைகளும் வரிசை வரிசையாய் ஓதிப் பாடம் செய்கிறார்கள். சொல்லுக்குச் சொல் நடுவே இரண்டு புள்ளிகள், வாக்கியம் முடிந்தால் நான்கு புள்ளிகள் இடுவது பழைய வழக்கம். கீஸ் மொழியை வீட்டில் பேசுவோர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஆலயத்தில் அதன் ஒலி இன்றளவும் நின்றதில்லை.

இனி, ஏட்டைச் செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

ஆட்டுத் தோலே பெரும்பாலும் மூலப்பொருள். செம்மறியாடு, கன்று ஆகியவற்றின் தோலும் உதவும். தோலைச் சில நாட்கள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு அதன் விளிம்பைச் சுற்றிலும் துளையிட்டு, கயிறு கோத்து, மரச்சட்டத்தில் முரசுத் தோலைப் போல் இறுக இழுத்துக் கட்டுவார்கள். கொழுப்பையும் ஒட்டியிருக்கும் தசையையும் வளைந்த கத்தியால் சுரண்டி, மயிர்ப்புறத்தை மழித்து, நுரைக்கல்லால் தேய்த்து, வெயிலில் உலர்த்துவார்கள். உலர உலரத் தோல் இறுகி வெளுக்கும். மிகையாகச் சுரண்டினால் கிழியும். குறைத்துச் சுரண்டினால் மை ஒட்டாது. ஆடு உயிரோடிருந்தபோது ஈயோ உண்ணியோ கடித்த இடத்திலும் கத்தி தவறிப் பட்ட இடத்திலும், சட்டத்தில் இழுபட்டு நீள்வட்டமான ஓட்டைகள் தோன்றும். சிறியவற்றை நூலால் தைத்துவிடுவார்கள். பெரியவற்றை அப்படியே விட்டுவிட, எழுதுகிறவர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு எழுதிப் போவார். பழைய சுவடியின் படங்களைப் பார்க்கும்போது, அழகிய இரண்டு பத்திகளுக்கு நடுவே இப்படியொரு ஓட்டை தென்பட்டால் அதை நான் குறையாக நினைப்பதில்லை. மறுபக்கத்து எழுத்தொன்று அதன் வழியே எட்டிப் பார்க்கும்!

பெரிய அளவுள்ள சுவிசேஷப் புஸ்தகத்துக்கு ஓர் ஆட்டுத் தோலில் இரண்டு ஏடுகள் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 200 ஏடுகளுக்கு 100 ஆடுகள் வேண்டும். ஒரு மந்தையே ஒரு நூலாகிறது. ஆகையால்தான் பெரிய புஸ்தகங்களைச் செய்விப்பது அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் செல்வமுள்ள மடங்களுக்கும் மட்டுமே இயன்றது.

கறுப்பு மை செய்வது தனி வித்தை. சமையற் பாத்திரத்தின் அடியிலும் விளக்கிலும் படிந்த கரி, கருக வறுத்த தானியம், சில இலைகள், பிசின் ஆகியவற்றை இடித்துக் கலந்து, மாதக்கணக்கில் ஊறிப் புளிக்க விட்டு, வில்லையாக உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம். பேனா, சீவிய நாணல். மைக்கூடு, மாட்டுக் கொம்பு. அதன் கூர்முனையை மண்தரையில் குத்தி நிறுத்திவிட்டால் சாயாது. கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று. எழுதுகிறவருக்கு மேஜை கிடையாது. தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்து, முழங்காலின்மேல் ஏட்டை வைத்துக்கொண்டு எழுதுவார். எழுதுமுன் ஏட்டின் ஓரங்களில் ஊசியால் புள்ளி குத்தி, மையில்லாமலே கூரிய முனையால் கோடு கீறிக்கொள்வார். சங்கீதப் புஸ்தகம் ஒன்றை முடிக்கப் பல மாதங்கள் ஆகும்.

சிவப்பு மை அலங்காரத்துக்கு மட்டும் உரியதன்று. அத்தியாயத்தின் முதல் வரிகள், கிறிஸ்துவின் பெயர், மரியன்னையின் பெயர், அர்ச்சிஷ்டர்களின் பெயர் ஆகியவை சிவப்பில் வரும். புஸ்தகத்தைச் செய்வித்தவரின் பெயரும் பிரார்த்தனைகளின் இடையே சிவப்பில் வரும். அதைப் படித்து வேண்டும்போதெல்லாம் குருவானவர் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லியாகவேண்டும். புஸ்தகம் கைமாறினால், புதிய சொந்தக்காரர் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தம் பெயரை அந்த இடத்தில் எழுதுவித்துக்கொள்வார். இப்படி இரண்டு மூன்று முறை சுரண்டப்பட்டு, தோல் மெலிந்து போன இடங்களைப் பல சுவடிகளில் காணலாம். புண்ணியத்திலும் போட்டி உண்டு போலும்.

சித்திரம் வரைகிறவர் பெரும்பாலும் வேறொருவர். ஐரோப்பியச் சுவடிகளில் பொற்றகடு ஒட்டி ஒளி ஏற்றுவது பெருவழக்கு. எதியோப்பியாவில் பொன்னைப் பார்ப்பது அரிது. சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள், அவுரி நீலம், பச்சை ஆகிய சில நிறங்கள்தாம். அவற்றை ஒன்றோடொன்று குழைக்காமல் பக்கம் பக்கமாக முழு நிறமாகவே இட்டு, கறுப்புக் கோட்டால் வரம்பு கட்டிவிடுவார்கள். அத்தியாயத் தொடக்கங்களின் மேல் நாடாக்களைப் பின்னியது போன்ற அலங்காரம் ஒன்று வரும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹரெக்'. கொடி என்று பொருள். ஒரு நாடாவைத் தொடங்கிய இடத்திலிருந்து விரலால் தொடர்ந்து போனால், மேலும் கீழுமாக நுழைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம்.

மனித உருவங்களில் முதலில் நம்மைப் பிடித்து நிறுத்துபவை கண்கள். பெரிய, அகன்ற, இமை கொட்டாத கண்கள். நல்லோரை முழு முகமாக, இரு கண்ணும் தெரியும்படி எழுதுவார்கள். பேய்களையும் பாவிகளையும் பகைவரையும் பெரும்பாலும் பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணோடு எழுதுவார்கள். எழுத்து அறியாத குடியானவனும் ஏட்டைக் கண்டவுடன் யாரை வணங்குவது, யாரை வெறுப்பது என்று தெரிந்துகொள்வான். மத்தேயு முதலிய சுவிசேஷ ஆசிரியர்களின் படங்களிலோ வேறொரு இன்பம் இருக்கிறது. அவர்கள் எதியோப்பிய எழுத்தாளரைப் போலவே முழங்காலில் ஏட்டை வைத்து எழுதிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் மைக்கொம்பு நிற்கும். வரைந்தவர் தம் நண்பரையே பார்த்து வரைந்தாரோ என்று தோன்றும்.

எல்லாக் காலத்திலும் ஒரே பாணி இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. 15-ஆம் நூற்றாண்டில் ஸாரா யாக்கோப் என்ற அரசர் மரியன்னையின் வழிபாட்டை நாடெங்கும் கட்டாயமாக்கி, அவளுடைய அற்புதங்களைக் கூறும் நூலை ஆலயங்களில் படிக்கச் செய்தார். அந்நூலின் கதைகள் ஐரோப்பாவில் பிறந்து, அரபு மொழி வழியாக எதியோப்பியாவுக்கு வந்தவை. பின்னர் அந்நாட்டுக் கதைகளும் சேர்ந்து வளர்ந்தன. கடவுளுக்கன்றி வேறு எதற்கும் சாஷ்டாங்கமாக விழமாட்டோம் என்று மறுத்த எஸ்திபானோஸ் என்பவரின் சீடர்களை அதே அரசர் கடுமையாகத் துன்புறுத்தினார். அவர்கள் வடக்கே செங்குத்தான மலைகளுக்கு நடுவில் குண்டகுண்டே என்ற மடத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அந்த மடத்தில் 1500-ஐ ஒட்டி உண்டான சுவடிகள் எதியோப்பியச் சித்திரக் கலையின் சிகரங்களுள் சேர்ந்தவை. உடல்களெல்லாம் கோணங்களாகவும் வட்டங்களாகவும் சுருங்கி, ஆடை மடிப்புகள் பின்னல் கோலமாகவே மாறிவிட்டன. துரத்தப்பட்டவர்களின் கைக்கு இவ்வளவு நிதானம் எப்படி வாய்த்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

17-ஆம் நூற்றாண்டில் பாஸிலிதாஸ் அரசர் கோண்டார் நகரைத் தலைநகராக்கினார். அங்கே சித்திரம் மீண்டும் மாறியது. 1591-இல் ரோமில் அச்சான அரபுச் சுவிசேஷத்தின் மரச்செதுக்குப் படங்களும், ஏசு சபைப் பாதிரிமார் கொண்டுவந்த ரோமாபுரி மரியன்னைப் படத்தின் நகல்களும் ஓவியர் கைக்கு எட்டின. அவர்கள் அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். ஆட்களையும் ஆடைகளையும் தம் நாட்டுக்கு உரியனவாக்கிவிட்டார்கள். மன்னர் அமரும் கட்டிலும் விரிப்பும் கோண்டார் அரண்மனையினுடையவை. அந்நிய நாட்டுப் பொருள் வந்துவிட்டதே என்று அவர்கள் அஞ்சவும் இல்லை, அதற்கு அடிமையாகிவிடவும் இல்லை.

எழுதி முடித்த ஏடுகளைத் தைத்து, இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே கோத்து, தோல் போர்த்தி, சூடான இரும்பு அச்சுகளால் சிலுவையும் கோடுகளும் பதிப்பார்கள். பலகையின் உட்புறத்தில் தோல் மூடாத நடுச் சதுரத்தை ஒரு துணித்துண்டால் மறைப்பதுண்டு. அந்தத் துண்டுகளை ஆராய்ந்தவர்கள் அவற்றுள் இந்தியத் துணிகளையும் கண்டிருக்கிறார்கள். செங்கடல் வழியே சென்ற நம் நெசவாளரின் வேலை, அவர் கேள்வியும்படாத வேதப் புஸ்தகம் ஒன்றின் மடியில் இடம் பிடித்துவிட்டது.

பூர்த்தியான புஸ்தகத்தை 'மாஹ்தர்' என்னும் தோலுறையில் இட்டு, வாரினால் சுவர் முளையில் தொங்கவிடுவார்கள். எலி எட்டாது, பிரயாணத்தில் தோளில் மாட்டிக்கொள்ளவும் வசதி. திருவிழாவில் சுவிசேஷப் புஸ்தகம் வண்ணக் குடையின் கீழ் ஊர்வலம் வரும். ஜனங்கள் அதை முத்தமிடுவார்கள். மெழுகுத் துளியும் சாம்பிராணிப் புகையும் விரலழுக்கும் ஏடுகளில் படிந்திருக்கும். புஸ்தகம் வாங்க வசதியில்லாத ஏழைக்கும் ஒரு வழி இருந்தது. நோய் கண்டவரின் உயரத்துக்குச் சரியாகத் தோலைத் துண்டாடி நீளமாகத் தைத்து, காக்கும் பிரார்த்தனைகளையும் விழித்த கண்களையும் தேவதூதரையும் எழுதிச் சுருட்டி அணிந்துகொள்ளக் கொடுப்பார்கள். இதை எழுதுகிறவர்கள் தெப்தெரா எனப்படும் ஆலயப் பாடகர்கள். குருமார் இதைக் கண்டித்தார்கள்; ஜனங்கள் கேட்டபாடில்லை.

இவ்வேடுகள் அழகுக்காக மட்டும் மதிக்கப்படுபவை அல்ல. ஏனோக்கின் புஸ்தகம் என்ற பழைய யூத நூல் மற்ற நாடுகளில் மறைந்து, சில துணுக்குகளாகவே மிஞ்சியது. அது முழுமையாகக் கிடைப்பது கீஸ் மொழியில் மட்டுமே. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்து யாத்திரிகர் 1773-இல் அதன் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைந்ததென்று அங்கே புலம்பியதை இங்கே மடத்துச் சந்நியாசிகள் சாதாரணமாய்ப் பிரதி செய்துகொண்டிருந்தார்கள்.

மக்தலாவுக்குத் திரும்புவோம். அங்கிருந்த ஏறக்குறைய ஆயிரம் சுவடிகளைத் தெவோத்ரோஸ் நியாயமாகச் சேர்த்தார் என்று சொல்வதற்கில்லை. தாம் கட்ட எண்ணிய பெரிய ஆலயத்துக்காக, 1866-இல் கோண்டார் நகரின் ஆலயங்களைச் சூறையாடி எடுத்து வந்தவை அவற்றுள் பெரும்பாலானவை. அரசர் கொள்ளையிட்டதை அந்நியர் கொள்ளையிட்டார்கள். நேப்பியரின் படை திரும்பும் வழியில் அநேக சுவடிகளைச் செலக்கோட் ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டது. சுமார் 350 சுவடிகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. பொருட்காட்சிசாலையின் சார்பில் படையோடு சென்றிருந்த ரிச்சர்டு ஹோம்ஸ் தேர்ந்தெடுத்தவை அவை. தேர்ந்தெடுத்தவருக்குக் கண் இருந்தது. மிகச் சிறந்த சித்திரச் சுவடிகள் பல அவற்றுள் அடங்கும். 1877-இல் வில்லியம் ரைட் அவற்றுக்கு அட்டவணை அச்சிட்டார். ஐரோப்பாவில் எதியோப்பிய ஆராய்ச்சி தழைத்ததற்கு அந்த அட்டவணை பெரிதும் காரணம். அங்கே அவை கறையான் அரிக்காமல் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்வோருக்கு இது ஒரு நல்ல வாதம். ஆயினும் எனக்கு அது முழுதும் ஒப்பவில்லை. பாடிக் காட்டுவதற்கென்று எழுதிய புஸ்தகத்தைப் பாடத் தெரிந்தவர் அருகில் இல்லாத இடத்தில் வைத்துக் காப்பது, வீணையைப் பட்டில் சுற்றிப் பெட்டியில் பூட்டிவைப்பதைப் போன்றது.

1872-இல் பட்டத்துக்கு வந்த நான்காம் யோஹான்னிஸ் சக்ரவர்த்தி அதே வருஷம் விக்டோரியா ராணிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார். 'கெப்ர நெகஸ்த்', அதாவது அரசர்களின் மகிமை, என்ற நூலைத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் கேட்டவற்றுள் ஒன்று. ஷீபா நாட்டு ராணிக்கும் சாலமோனுக்கும் பிறந்த மெனெலிக்கின் வழியில் வந்தவர்களே எதியோப்பிய அரசர்கள் என்று கூறுவது அந்நூல். அது கையில் இல்லாவிட்டால் குடிகள் தம் கட்டளைக்கு அடங்கமாட்டார்கள் என்று அவர் எழுதியிருந்தார். ஒரு புஸ்தகம் இல்லாமல் ராஜ்யபாரம் நடவாது என்று அரசர் ஒருவர் வெளிப்படையாக எழுதியதை நான் வேறெங்கும் படித்ததில்லை. பொருட்காட்சிசாலையில் அந்நூலின் பிரதிகள் இரண்டு இருந்தன. அதிகாரிகள் ஒன்றை நிறுத்திக்கொண்டு மற்றொன்றை அனுப்பிவைத்தார்கள். லண்டன் போய்ச் சேர்ந்த மக்தலாச் சுவடிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் அங்கே பிரிட்டிஷ் நூல்நிலையத்தில்தான் இருக்கின்றன.

சொந்த நாட்டில் தங்கியவற்றுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. 16-ஆம் நூற்றாண்டில் அஹ்மத் கிரானின் படையெடுப்பில் ஆலயங்களோடு ஏடுகளும் எரிந்தன. 1936 முதல் 1941 வரை இத்தாலியர் ஆக்கிரமிப்பு. 2020 முதல் 2022 வரை திக்ரே பிரதேசத்தில் நடந்த யுத்தத்திலும் மடங்கள் சூறையாடப்பட்டன. இடையே 1973-இல் ஒரு நல்ல காரியம் தொடங்கிற்று. ஆலயங்களிலும் மடங்களிலும் உள்ள சுவடிகளைப் புகைப்படச் சுருளில் பதிவு செய்யும் திட்டம் ஒன்று, அமெரிக்காவில் மின்னெஸோட்டாவிலுள்ள சுவடி நூல்நிலையத்தின் துணையோடு, அடிஸ் அபாபாவில் நடைபெற்றது. சுமார் 9,000 சுவடிகள் படம் பிடிக்கப்பட்டன. எதியோப்பிய அறிஞர் கெத்தாச்சோ ஹாய்லே அவற்றுள் ஆயிரக்கணக்கானவற்றைப் படித்து அட்டவணை செய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 2021-இல் அவர் காலமானார்.

வீட்டைவிட்டு வெளியேறாத புஸ்தகங்களும் உண்டு. திக்ரேயில், அட்வா நகருக்கு அருகே அப்பா கரிமா என்ற மடம் இருக்கிறது. அதை ஸ்தாபித்த கரிமா என்ற துறவி, சுவிசேஷங்கள் முழுவதையும் ஒரே நாளில் எழுதி முடித்தார் என்றும், முடியுமட்டும் கடவுள் சூரியனை அஸ்தமிக்கவிடாமல் நிறுத்தினார் என்றும் அங்குள்ளோர் சொல்வார்கள். பெண்கள் அந்த மடத்துக்குள் புகலாகாது. 1950-ஐ ஒட்டி அங்கு சென்ற பியட்ரிஸ் பிளேன் என்ற ஆங்கில ஓவியப் பெண்மணிக்காகச் சந்நியாசிகள் புஸ்தகங்களை வாசலுக்கு எடுத்து வந்து காட்டினார்கள். தூண்களும் பறவைகளும் நிறைந்த அந்தப் படங்களைக் கண்டு அறிஞர்கள் முதலில் சுமார் 1100-ஆம் ஆண்டு என்று மதிப்பிட்டார்கள். பின்னர் தோலின் சிறு துணுக்குகளை ஆக்ஸ்போர்டில் கரியணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அவை கி.பி. 4-ஆம் நூற்றாண்டுக்கும் 7-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டவை என்று தெரியவந்தது. சூரியன் நின்ற கதையை நம்பாதவர்களும், துறவி வாழ்ந்ததாக மடம் சொல்லிவந்த 6-ஆம் நூற்றாண்டு அந்த வரம்புக்குள் அடங்குவதைக் கண்டு வியந்தார்கள். உலகில் எஞ்சியிருக்கும் சித்திரச் சுவிசேஷங்களில் மிகப் பழையவற்றுள் அவை இன்று எண்ணப்படுகின்றன.

தையல் விட்டு, ஏடுகள் இடம் மாறிக் கிடந்த அப்புஸ்தகங்களைச் செப்பனிட 2006-இல் முயற்சி தொடங்கியது. சந்நியாசிகள் புஸ்தகங்களை மடத்துக்கு வெளியே அனுப்ப மறுத்துவிட்டார்கள். ஆகவே, பைண்டு செய்வோர்தாம் பிரிட்டனிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு மலையேறி வந்தார்கள். மடத்து முற்றத்தில், திறந்த வானத்தின் கீழே உட்கார்ந்து, சந்நியாசிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கலைந்த ஏடுகளை வரிசைப்படுத்தித் தைத்தார்கள். வேலை முடிந்ததும் புஸ்தகங்கள் மடத்துக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டன.